என்ஜினைத் தூக்கிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் ஒரு படகு இருந்தது என்று சொன்னால் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்புவதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநரின் குடும்பத்துக்குப் படகு எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்பா அதை வாங்கிய அன்று அம்மாவும் அதையேதான் கேட்டார்.

அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. நீச்சலும் அரைகுறை. ஆனால் அம்மாவின் தம்பி, கோலா கெத்திலில் இருந்த என் மாமா, தூண்டில் போட வருகிறவர்களை மெர்போக் ஆற்றில் ஏற்றிக்கொண்டு போவதற்காக ஒரு பழைய மரப்படகு வைத்திருந்தார். கல்யாணம் நிச்சயமானதும், இனிமேல் எனக்கு ஆறு வேண்டாம், தொழிற்சாலை போதும் என்று சொல்லி அதை அப்பாவிடம் விற்றுவிட்டார். படகு கைக்கு வந்த அன்று அப்பா முகத்தில் இருந்த சிரிப்பை என் தம்பி பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

நாங்கள் புக்கிட் செலம்பாவ் பக்கம் குடியிருந்தோம். வாரம் முழுவதும் அப்பாவுக்கு லோரி, வெள்ளிக்கிழமையானால் படகு. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிதானே விடுமுறை. தூண்டில்காரர்கள் யாரும் வராத வெள்ளிக்கிழமைகளில் அப்பா எங்களை ஏற்றிக்கொள்வார். அம்மா, அம்மாவின் மடியில் தம்பி, முன்பக்கம் நான். இருபுறமும் அலையாத்திக் காடு. ஆறு விரிந்து விரிந்து கடலோடு சேருகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவோம். கடலைக் கண்டதும் அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போதும் திருப்புங்க" என்பார். அப்பா கேட்காததுபோல இன்னும் கொஞ்ச தூரம் போவார்.

அந்தப் படகின் என்ஜின் வெளியே தொங்கும் வகையில்லை. உள்ளேயே இருப்பது. பின்பக்கத்தில் ஒரு பெட்டியைத் திறந்தால், இரண்டு கனத்த கட்டைகளின் மேல் டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து போகிற இரும்புத் தண்டு படகின் பின்னால் நுழைந்து, வெளியே இருக்கிற விசிறியைச் சுற்றும். ஒரு வருடம் ஓடிய பிறகு என்ஜின் ஆயிலைக் கக்க ஆரம்பித்தது. அப்பா ஊற்ற ஊற்ற அது பின்பக்க சீல் வழியாக அடியில் வடிந்துகொண்டே இருந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு பட்டறைக்காரர், "என்ஜின வெளிய எடுத்துட்டு வாங்க, செஞ்சு தரேன். உங்க படகுக்குள்ள வந்து நான் குனிய முடியாது" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தொந்தி பெரியது.

என்ஜினைத் தாங்களே கழற்றுவது என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். சித்தப்பா தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர், எதையும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டும்போது மட்டும் இரண்டு திருகாணி மிஞ்சும். விஷயம் கேள்விப்பட்டு மாமா போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அதக் கழட்டாதீங்க மச்சான். பின்னாடி மாட்டுற என்ஜின் ஒண்ணு பாத்துக்கலாம். எதுக்கு வீண் வேல?"

"நல்ல என்ஜின்டா அது. ஒரு பல்லு ஆடுதுன்னு பல்செட்டு வாங்குவியா? நீயும் வாடா, ஒரு கை குடு."

மாமா அன்று தனக்கு ஓவர்டைம் இருக்கிறது என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருமாகப் போனோம். அம்மா புளிச்சாதம் கட்டி எடுத்துக்கொண்டார். படகு கட்டியிருந்த ஜெட்டி, அதாவது பலகை போட்ட படகுத்துறை, ஒரு மலாய்ப் பெரியவருடையது. நாங்கள் அவரை 'பாக் சிக்' என்றுதான் கூப்பிடுவோம். ஜெட்டியின் நுனியில் வலை காய வைப்பதற்குக் கூரை போட்டிருந்தார். அந்தக் கூரையின் உத்தரத்தில் சித்தப்பா சங்கிலிக் கப்பியை மாட்டினார். 'செயின் பிளாக்' என்பார்கள். கையால் சங்கிலியை இழுத்தால் எவ்வளவு பாரமானாலும் மெதுவாக மேலே வரும். கடல் ஏற்றத்தில் ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது படகும் உயர்ந்து ஜெட்டியை ஒட்டி நிற்கும். அப்போது தூக்கினால் என்ஜினைக் கொஞ்சம் தூக்கினாலே போதும், அப்படியே ஜெட்டிக்குத் தள்ளிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. நல்ல கணக்குதான்.

தண்ணீர் ஏறுவதற்குள் மற்ற வேலைகளை முடித்தார்கள். பேட்டரி கழன்று வந்தது. டீசல் குழாய், தண்ணீர்க் குழாய், புகைக் குழாய் எல்லாம் வந்தன. என்ஜினையும் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கைப் பிரித்ததும், தண்டு நழுவி வெளியே போய்விட்டால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துவிடும் என்று சித்தப்பா அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். அப்பா தலைகீழாகக் குனிந்து, ஆயில் சேற்றுக்குள் கையை விட்டு, என்ஜினைக் கட்டையோடு பிடித்திருந்த போல்ட்டுகளைத் தடவித் தடவிக் கழற்றினார். நிமிர்ந்தபோது அவர் முழங்கை வரை கறுப்பாக இருந்தது. "எல்லாம் வந்துருச்சா?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா கழற்றிப் போட்டதைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டது என்றார்.

பள்ளிவாசலில் வெள்ளித் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. பாக் சிக் கைலி கட்டி, சொங்கோக் தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது நல்லபடியாகச் செய்யுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

சித்தப்பா சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். அப்பா படகுக்குள் நின்று என்ஜின் ஆடாமல் பிடித்துக்கொண்டார். என்ஜினின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பின்பக்கம் தூக்கவில்லை. உத்தரம் முனகியது. படகே கொஞ்சம் மேலே வருவதுபோல எனக்குத் தெரிந்தது. "ஒட்டிட்டு இருக்குண்ணே, பழைய பெயிண்டு" என்று சொல்லிச் சித்தப்பா இன்னும் இழுத்தார்.

பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். என்ஜின் ஒரு குதி குதித்து மேலே போனது. அதன் பின்காலோடு கட்டையில் ஒரு துண்டும் பிய்ந்துகொண்டு போனது. ஆயில் சேற்றுக்குள் ஒரு போல்ட் யார் கைக்கும் படாமல் இருந்திருக்கிறது. அது கட்டையை விடாமல் பிடித்திருந்தது, கட்டை அடிப்பலகையைப் பிடித்திருந்தது. கட்டை பிய்ந்த இடத்தில் படகுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊற்றாகப் பொங்கியது. என் இடுப்பு உயரத்துக்கு எழும்பி வந்தது அந்தத் தண்ணீர்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடவில்லை. கையை எடுத்து அந்த ஓட்டையின் மேல் வைத்து அமுக்கினார், குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல. அவர் தலைக்கு நேர்மேலே என்ஜின் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வா மேல. விட்டுட்டு வா" என்று சித்தப்பா சங்கிலியைப் பிடித்தபடியே சொன்னார். அம்மா தம்பியை என் மடியில் வைத்துவிட்டு ஜெட்டிப் பலகையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். படகின் பின்பக்கம் முழுகியது. அப்பாவின் காலுக்குக் கீழே தரை போய்விட்டது. ஜெட்டியில் படகு இடிக்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய டயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறுகையை அம்மா பிடித்தார். கை முழுக்க ஆயில். வழுக்கி வழுக்கிப் போனது. சித்தப்பா சங்கிலியைக் கட்டிவிட்டு வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

படகு இருந்த இடத்தில் குமிழ்கள் வந்தன. இருக்கைப் பலகை ஒன்று மிதந்து வந்து சுற்றியது. மேலே என்ஜின் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, சொட்டுச் சொட்டாக ஆயிலை விட்டுக்கொண்டு. படகிலிருந்து என்ஜினை எடுக்கப் போய், என்ஜினிலிருந்து படகை எடுத்துவிட்டோம்.

தொழுகை முடிந்து வந்த பாக் சிக், தொங்குகிற என்ஜினைப் பார்த்து, "பெராஹு மானா?" என்றார். படகு எங்கே என்று கேட்கிறார். அப்பா விரலால் கீழே காட்டினார்.

மாலையில் தண்ணீர் வடியட்டும், படகு சேற்றில் தட்டும், அப்போது பார்க்கலாம் என்று பாக் சிக் சொன்னார். காத்திருந்தோம். புளிச்சாதத்தை யாரும் தொடவில்லை. சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நான் இழுத்திருக்கக் கூடாதுண்ணே. வரலன்னதும் நிறுத்தியிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தடவை அழுதும்விட்டார். பெரிய ஆண்கள் அழுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தேன். அப்பா, "விடுடா, போல்ட்ட விட்டது நான்தானே" என்றார்.

தண்ணீர் இறங்க இறங்கப் படகு வெளியே வந்தது. சாய்ந்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வேண்டாம் என்று சொல்லுகிற நிலையில் யாரும் இல்லை.

என்ஜின் இருந்த இடத்தைச் சித்தப்பா சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். ஆயில் போகப் போக, கீழே மரம் தெரியவில்லை. சாம்பல் பெயிண்ட் அடித்த சிமெண்ட் தெரிந்தது. பலகைக்கு மேல் தடிமனாக சிமெண்ட் போட்டிருந்தது. பாதி உடைந்து போயிருந்தது, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தில் இருந்த பலகையைச் சித்தப்பா திருப்புளியால் குத்தினார். தேநீரில் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல அது பிடிவரைக்கும் இறங்கியது. பக்கத்தில் குத்தினார். அங்கேயும் இறங்கியது.

"மரமே இல்லண்ணே இங்க" என்றார் சித்தப்பா. குரல் மாறியிருந்தது. "வெறும் சிமெண்டுதான். நாம போல்ட்ட கழட்டியிருந்தாலும் இது போயிருக்கும். இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாளு. நடு ஆத்துல."

மிச்சமிருந்த சிமெண்டை அவர் துடைத்தார். அதில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் அழகாக, சின்னதாக. பெயிண்ட் அதற்கு மேலேயும் அடித்திருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மாமா படகை விற்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பள்ளி விடுமுறையில், ஐஸ் போட்ட செண்டோல் வாங்கித் தருகிறேன் என்று என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆற்றுக்குக் கூட்டி வந்தார். வாளியில் சிமெண்ட் குழைத்திருந்தார். என்ஜினுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே அவர் கை போகவில்லை. என் கை போனது. நான் குப்புறப் படுத்துக்கொண்டு அவர் கொடுக்கக் கொடுக்க உள்ளே தள்ளினேன். "நல்லா அழுத்துடா ராசாத்தி, படகுக்கு வயிறு கெட்டியாவட்டும்" என்றார். கை எரிந்தது. அவரே ஆற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு ஊதினார். அப்பாவிடம் சொல்லாதே, புதுப் படகு மாதிரி இருப்பதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படட்டும் என்றார். நான் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனேன்.

அப்பா என் வலது கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். பொருந்தியது. ஒரு வருடத்தில் விரல்கள் வளர்ந்திருந்தன. நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது.

"யாரும்மா உன்ன இங்க கூட்டிட்டு வந்தது?" என்று சித்தப்பா கேட்டார்.

"மாமா" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. படகுக்குள் என் கை இருந்திருக்கிறது. அதன் மேல்தான் இத்தனை நாளும் என்ஜின் ஓடியிருக்கிறது. அப்பா தூக்கிக்கொண்டு ஒரு முத்தம் கொடுப்பார் என்றுகூட நினைத்தேன்.

ஜெட்டியிலிருந்து அம்மா சித்தப்பாவிடம் சொன்னார்: "சின்னப் பிள்ள, ஏதோ சொல்லுது தம்பி. அவளுக்கு என்ன தெரியும்?" அதைச் சொல்லும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"வித்ததுக்கு அப்புறம் அவன் இதுல ஒரு தடவகூட ஏறலண்ணே" என்றார் சித்தப்பா. "எத்தன தடவ கூப்புட்ட நீ. யோசிச்சுப் பாரு."

அப்பா யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். மேலே அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் இடுப்பில் தூங்கிவிட்ட தம்பியைப் பார்த்தார். பிறகு படகிலிருந்து சேற்றில் இறங்கி, ஜெட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மத்தியானம் விழுந்தபோது ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்ஜினை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பட்டறைக்காரர் சீலை மாற்றி, ஓட்டிக் காட்டி, இன்னும் பத்து வருடம் உழைக்கும் என்றாராம். படகில்லாத என்ஜின் எத்தனை வருடம் உழைத்தால் என்ன? தஞ்சோங் டாவாயிலிருந்து யாரோ ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பாக் சிக் படகை உடைத்து அடுப்புக்குப் போட்டார்.

வீட்டில் அந்த வாரம் பேச்சு குறைவாக இருந்தது. ஒருநாள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "வலிச்சுதா அன்னிக்கு?" என்று கேட்டார். கொஞ்சம் எரிந்தது என்றேன். கையை விட்டுவிட்டு மறுபடியும் துணி மடித்தார்.

சித்தப்பா மட்டும் வந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கோலா கெத்திலுக்கே போய் அவன் பல்லை உடைக்கப் போவதாகச் சொன்னார். அப்பா, "நீ போகக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நான் பயந்துகொண்டிருந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் வீட்டில் ஒரு தோட்டப் பிரச்சினைக்காக அவள் பெரியப்பா மண்டையை உடைத்திருந்தார்கள். அடி, கத்தி, போலீஸ் எல்லாவற்றையும் அவள் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா கையில் கோழியோடு வந்தார். அதை அம்மாவிடம் நீட்டி, "உன் தம்பி சாயந்தரம் வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன். நல்லா சமச்சு வையி" என்றார்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. கோழியை வாங்காமல் அப்பா முகத்தையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது, மாமா வருகிறார், வீட்டில் கோழிக்கறி. இதற்குப் போய் ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். என்ஜினை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கால் மட்டும் தரையில். இளைத்திருந்தார். அப்பா வாசலுக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா எப்போதும் மாமாவை "வாடா மச்சான்" என்றுதான் வரவேற்பார். முதுகில் ஓர் அடி விழும். மாமாவின் கல்யாணத்திலேயே, மாலையோடு நின்ற மாப்பிள்ளையை, "டேய், சிரிடா" என்று எல்லார் முன்னாலும் அதட்டியவர்.

"வாங்க மச்சான்" என்றார் அப்பா. "உள்ள வாங்க."

மாமா இறங்கவில்லை. "மச்சான், என்ன அடிச்சிருங்க" என்றார் மெதுவாக. "அந்தப் பலகைய மாத்த எனக்கு அப்ப வழியில்ல. ஆத்தத் தாண்டிப் போக மாட்டீங்கன்னு நெனச்சேன். அடிச்சிருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா தானே சோறு போட்டார், தானே குழம்பு ஊற்றினார். கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து மாமாவின் தட்டில் வைத்தார். "போட்டுக்கோங்க. வெக்கப்படாதீங்க" என்றார். வேலை எப்படிப் போகிறது, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார். படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. காரம் அதிகமோ என்று நான் நினைத்து ஐஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் கையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளம்பும்போது அப்பா வெளிக்கதவு வரை போய் வழியனுப்பினார். "பாத்துப் போங்க" என்றார். மோட்டார் சைக்கிளின் சத்தம் பெரிய ரோட்டுக்குப் போய்த் தேய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

அதன் பிறகும் மாமா வந்திருக்கிறார், நாங்கள் அழைத்தபோதெல்லாம். என் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தார். அப்பா ஒருமுறைகூட மரியாதையில் குறை வைக்கவில்லை.

மாமா சாப்பிட்டுப் போன அன்றைக்கு எனக்கு நெஞ்சிலிருந்த பயம் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியதுபோல இருந்தது. மண்டை உடையவில்லை, போலீஸ் வரவில்லை. மாமாவைப் போய் அப்பா வாங்க போங்க என்று கூப்பிடுகிறார். மாமா ஒரே வாரத்தில் பெரிய மனிதர் ஆகிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. மாமா மிச்சம் வைத்த தட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"பாத்தியாம்மா, அப்பா மாமாவ மன்னிச்சிட்டாரு."

அம்மா தட்டைக் கையில் வைத்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார்.